டலாரா எஃப்2 2018: ஆறு சீசன் ஓடிய கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்முலா 1 பார்க்கிறவர்களில் பலர், அதே வார இறுதியில் அதே டிராக்கில் நடக்கும், அதற்கு ஒரு படி கீழான ஃபார்முலா 2 (எஃப்2) பந்தயத்தைத் தற்செயலாகத்தான் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். உடனே கேள்விகள் வரும். எல்லாக் கார்களும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஸ்டார்ட்டில் ஏன் பாதிக் கார் கிளம்பவே இல்லை, இவர்கள் எல்லாம் எப்போது எஃப்1 போவார்கள் என்று. 2018 முதல் 2023 வரை அந்தப் போட்டியில் ஓடிய ஒரே காரை வைத்து அவற்றுக்கெல்லாம் இங்கே பதில்.

இந்தக் காரை யார் செய்தார்கள்?

இத்தாலியின் டலாரா நிறுவனம். பார்மா நகரத்துக்குப் பக்கத்தில் வரானோ தே மெலகாரி என்ற சின்ன ஊரில் 1972-இல் ஜியான் பாவ்லோ டலாரா தொடங்கியது. அமெரிக்க இண்டிகார், ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா, எஃப்3 எல்லாவற்றுக்கும் சேசிஸ் (காரின் உடற்கூடு) அங்கிருந்துதான் போகிறது. எஃப்2 போட்டி ஜிபி2 என்ற பெயரில் 2005-இல் தொடங்கிய நாளிலிருந்தே கார் டலாராவுடையதுதான். 2017-இல் பெயர் எஃப்2 ஆனது. ஆனால் அந்த வருடமும் 2011-இல் வந்த பழைய ஜிபி2 காரையே ஓட்டினார்கள். புதிய கார் 2017 ஆகஸ்ட் இறுதியில் மோன்சாவில் அறிமுகமாகி, 2018 சீசனில் டிராக்குக்கு வந்தது.

எஞ்சின் பிரான்ஸின் மெக்காக்ரோம். கியர்பாக்ஸ் இங்கிலாந்தின் ஹ்யூலாண்ட். டயர் பிரெல்லி. பிரேக் காலிப்பர் பிரெம்போ.

"ஒரே தயாரிப்பு" என்றால் எல்லாக் காரும் அச்சு அசல் ஒன்றேதானா?

வாங்கும்போது ஆம். எல்லா டீமும் அதே சேசிஸ், அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே விங் (காரைக் காற்றால் தரையோடு அழுத்தும் இறக்கை) வாங்க வேண்டும். எஃப்1 டீம் மாதிரி சொந்தமாக ஒரு விங்கை வடிவமைத்துப் பொருத்த முடியாது. உடைந்தால்கூட மாற்றுப் பாகத்தைப் போட்டி நடத்துகிறவர்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும். எஞ்சின் சீல் வைத்து வரும். டீமின் மெக்கானிக் அதைத் திறந்து பார்க்கக்கூடாது.

மாற்றக்கூடியது செட்டப் மட்டும்: விங்கின் கோணம், கார் தரையிலிருந்து நிற்கும் உயரம், சக்கரத்தின் சாய்வு, ஸ்பிரிங், டாம்பரின் இறுக்கம், ஆன்டி ரோல் பார், டயர் காற்றழுத்தம், பிரேக் முன்னும் பின்னும் எப்படிப் பிரிய வேண்டும் என்பது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் போட்டியே இதில்தான் நடக்கிறது.

கார் ஒன்று என்றால், ஏன் அதே டீம்கள் திரும்பத் திரும்ப ஜெயிக்கின்றன?

நியாயமான கேள்வி. இந்தக் கார் ஓடிய ஆறு வருடத்தில் ஓட்டுநர் பட்டம் மூன்று முறை ஏஆர்டி டீமுக்கு, இரண்டு முறை பிரேமாவுக்கு, ஒரு முறை எம்பி மோட்டார்ஸ்போர்ட்டுக்குப் போனது. பத்து, பதினோரு டீம் இருக்கிற போட்டியில் இது தற்செயலாக நடக்காது.

முதல் காரணம் நேரம். எஃப்2 வார இறுதியில் பயிற்சிக்குக் கிடைப்பது 45 நிமிடம். அப்புறம் 30 நிமிடம் தகுதிச் சுற்று. அவ்வளவுதான், அடுத்தது பந்தயம். 45 நிமிடத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை லாரியிலிருந்து இறங்கும்போதே கார் ஏறக்குறைய சரியாக இருக்க வேண்டும். பல வருடத் தரவும், அதைப் படிக்கத் தெரிந்த என்ஜினீயரும் இருக்கிற டீம் அங்கேயே பாதி ஜெயித்துவிடுகிறது. விதிக்குள்தான் எல்லாம் என்றாலும், அந்த விதி அனுமதிக்கும் அளவின் கடைசி மில்லிமீட்டர் வரை போய்ப் பார்க்கிற டீமும், "இது போதும்" என்று விடுகிற டீமும் ஒன்றாகாது.

இரண்டாவது காரணம் ஆள். நல்ல ஓட்டுநர்கள், எஃப்1 டீம்கள் இளம் ஓட்டுநர்களை வளர்க்க நடத்தும் அகாடமிகளின் ஆதரவு உள்ளவர்கள், ஜெயிக்கிற டீமுக்குத்தான் போவார்கள். அவர்கள் போவதால் அந்த டீம் மறுபடி ஜெயிக்கும். காரைச் சமமாக்கலாம், இந்தச் சுழற்சியை எந்த விதியாலும் சமமாக்க முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எஃப்1-இல் கடைசி டீமில் இருக்கிறவர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஜெயிக்க முடியாது. இங்கே நடுத்தர டீமில் இருப்பவர்கூட ஒரு நல்ல நாளில் ஜெயித்துவிடலாம், அது அடிக்கடி நடந்தும் இருக்கிறது. அதனால் "சமம்" என்ற வாக்குறுதியை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். முக்கால் உண்மை.

எஞ்சின் எல்லாருக்கும் ஒரே சக்தி தருமா?

காகிதத்தில்: 3.4 லிட்டர் வி6, ஒற்றை டர்போ, 8,750 ஆர்பிஎம்-இல் 620 குதிரைத்திறன், 6,000 ஆர்பிஎம்-இல் 570 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). முந்தைய காரில் இருந்தது 4 லிட்டர் வி8, டர்போ கிடையாது. அதன் அலறலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வி6 தொண்டை கட்டியது போலத்தான் இருந்தது.

டிராக்கில்: தங்களுக்கு வந்த எஞ்சின் நேர்சாலையில் இழுக்கவில்லை என்ற புலம்பல் எஃப்2 பிட் லேனில் ஓயவே ஓயாது. கையால் பொருத்தப்படும் பந்தய எஞ்சின்கள் சிறிதளவாவது வேறுபடாமல் இருக்க வழியில்லை. அதே சமயம், தோற்றவர்களுக்கு எஞ்சினைப் போல வசதியான காரணமும் வேறில்லை. சீல் வைத்த எஞ்சினை எந்த டீமும் திறந்து காட்ட முடியாது பாருங்கள்.

வேகம் எவ்வளவு?

மோன்சாவுக்கான விங் அமைப்பில், டிஆர்எஸ் (பின் விங்கின் மடலைத் திறந்து காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் வசதி) திறந்த நிலையில் 335 கி.மீ. வரை. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 2.9 விநாடி, 200-ஐத் தொட 6.6 விநாடி. பிரேக் பிடிக்கும்போது உடலில் விழுவது சுமார் 3.5 ஜி (புவியீர்ப்பு விசையைப் போல மூன்றரை மடங்கு), வளைவில் 3.9 ஜி வரை.

அப்படியானால் எஃப்1 காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா?

நேர்சாலையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வளைவில் வண்டவாளம் தெரிந்துவிடும். 2019 மொனாக்கோவில் தகுதிச் சுற்றில் முதலிடம் தந்த லூயிஸ் ஹாமில்டனின் எஃப்1 நேரம் 1 நிமிடம் 10.166 விநாடி. எஃப்2-இல் அதே டிராக்கில் வேகமாகப் போனவர்களுக்கு 1 நிமிடம் 20 விநாடிக்கு மேல் ஆனது. மூன்றரை கி.மீ.கூட இல்லாத டிராக்கில் பத்து விநாடி என்பது பெரிய இடைவெளி. சக்தி குறைவு ஒரு காரணம், ஆனால் கீழ்நோக்கிய காற்றழுத்தமும் டயர் பிடிப்பும்தான் முக்கியமான காரணங்கள்.

2018-இல் ஸ்டார்ட்டில் ஏன் கார்கள் அப்படியே நின்றன?

இந்தக் காரின் பெயரைக் கெடுத்ததே இதுதான். விளக்கு அணைந்ததும் எல்லாரும் பாய்வார்கள், நடுவில் ஒன்றிரண்டு கார் மட்டும் எஞ்சின் அணைந்து அசையாமல் நிற்கும். பின்னால் வருகிறவர் அதைக் கடைசி நொடியில்தான் பார்ப்பார். 2018 சீசனின் முதல் பாதியில் இது எத்தனை முறை நடந்தது என்றால், கடைசியில் ஆஸ்திரியாவிலும் சில்வர்ஸ்டோனிலும் நின்று கிளம்பும் ஸ்டார்ட்டையே கைவிட்டு, ஓடிக்கொண்டே தொடங்கும் ரோலிங் ஸ்டார்ட் வைத்தார்கள். ஓட்டுநரின் திறமையைக் காட்டவே உருவாக்கிய போட்டியில், ஸ்டார்ட் என்ற அடிப்படைத் திறமையையே கொஞ்ச நாள் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டிய நிலைமை.

காரணம் இதுதான். டர்போ எஞ்சின் குறைந்த ஆர்பிஎம்-இல் பழைய வி8 மாதிரி இழுக்காது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பு போன்ற நெம்புகோலை விரலால் விட்டு க்ளட்ச்சை இயக்க வேண்டும். க்ளட்ச் கவ்வும் இடம் மிகக் குறுகியது. கொஞ்சம் சீக்கிரம் விட்டால் ஆர்பிஎம் பள்ளத்தில் விழும், எஞ்சின் அணையும். அணைந்தால் ஓட்டுநரே அதை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது, தள்ளிக்கொண்டு பிட் லேனுக்குப் போக வேண்டும்.

கோளாறைக் குறைத்த பிறகு நின்று கிளம்பும் ஸ்டார்ட் திரும்பி வந்தது. முழுதாகத் தீரவில்லை. 2021 டிசம்பரில் ஜெட்டாவில் தியோ போர்ஷேரின் கார் கிரிட்டில் (தொடக்க வரிசையில்) நின்றுபோனது, பின்னால் வந்த என்ஸோ ஃபிட்டிபால்டி முழு வேகத்தில் அதில் மோதினார். இருவரும் பிழைத்தது அந்த சேசிஸின் புண்ணியம்.

பவர் ஸ்டீயரிங் இல்லையாமே, நிஜமா?

நிஜம். கார்பன் பிரேக், டிஆர்எஸ், துடுப்பால் கியர் எல்லாம் இருந்தும் ஸ்டீயரிங்குக்கு மட்டும் எந்த உதவியும் கிடையாது. வேகமான வளைவில் விங் தரும் அழுத்தம் முழுவதும் முன்சக்கரம் வழியாகக் கைக்கு வந்து சேரும். ஒரு மணி நேரம் ஓடும் பந்தயத்துக்குப் பிறகு இறங்கும் ஓட்டுநர்களின் முன்கையைப் பார்த்தாலே தெரியும். இதனால்தான் எஃப்3-இலிருந்து வருகிறவர்கள் குளிர்காலம் முழுக்க ஜிம்மில் கிடக்கிறார்கள். எஃப்1 கார் வேகம் அதிகம் என்றாலும் அதில் பவர் ஸ்டீயரிங் உண்டு, கைக்கு அது இதைவிட லேசு.

2019-இல் கொலம்பியாவின் தாத்தியானா கால்டெரோன் இந்தக் காரை ஓட்டி, இன்றைய எஃப்2 போட்டியில் பந்தயம் ஓடிய முதல் பெண் ஆனார். கனமான ஸ்டீயரிங் பெண்களுக்கும் உடல் சிறுத்தவர்களுக்கும் தேவையில்லாத தடை என்ற விவாதம் அப்போது வலுத்தது. செலவு மிச்சம் என்பது தவிர இந்த வடிவமைப்புக்கு வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டயர் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் எஃப்2-இல் ஜெயிப்பவர் பெரும்பாலும் வேகமானவராக இருப்பதைவிட டயரை நன்றாகப் பார்த்துக்கொண்டவராக இருப்பார்.

எஃப்1-இல் டயரைப் போர்வையால் சுற்றிச் சூடாக்கித் தருவார்கள். எஃப்2-இல் அது கிடையாது. பிட்டிலிருந்து ஜில்லென்ற புது டயரோடு வெளியே வர வேண்டும். முதல் சில வளைவுகளில் காருக்குப் பிடிப்பே இருக்காது, பின்னால் வருகிறவனோ சூடான டயரோடு பாய்வான். மெல்ல ஓட்டினால் இடம் போகும். அவசரப்பட்டால் சுவர். பார்வையாளருக்கு இதைவிட நல்ல மூன்று நிமிடம் எங்கும் கிடைக்காது.

சூடான பிறகு எதிர்ப் பிரச்சினை. பின் டயரை உரசி ஓட்டினால் சில சுற்றுகளிலேயே அது அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழக்கும். வார இறுதியின் பெரிய பந்தயத்தில் ஒரு பிட் ஸ்டாப் (டயர் மாற்ற நிற்பது) கட்டாயம், முதல் ஆறு சுற்றுக்குள் செய்தால் கணக்கில் வராது, இரண்டு வகை டயரும் போட்டிருக்க வேண்டும். அதனால் மென்மையான டயரில் தொடங்கிச் சீக்கிரம் மாற்றுவதா, கடினமான டயரில் நீண்ட நேரம் தாக்குப்பிடித்துக் கடைசியில் மென்மையானதைப் போட்டு எல்லாரையும் தாண்டுவதா என்ற சூதாட்டம் ஒவ்வொரு வாரமும் உண்டு. விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் பாதுகாப்புக் கார் சரியான நேரத்தில் வந்தால் பின்னால் இருந்தவர் மேடையில் நிற்பார்.

2020-இல் சக்கரம் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. எஃப்1 அந்த அளவுக்கு மாறியது 2022-இல்தான். அதாவது, எஃப்1-க்கான பெரிய சக்கரம் உண்மையான பந்தயத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று இரண்டு வருடம் இந்தப் பையன்களை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2018, 2019-இல் டீம்கள் சேர்த்து வைத்த செட்டப் தரவில் பெரும்பகுதி ஒரே இரவில் பயனற்றுப் போனது. ரசிகனாக எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஹேலோ எப்போது வந்தது? பயன்பட்டதா?

முதல் நாளிலிருந்தே. ஓட்டுநரின் தலையைக் காக்க காக்பிட் மேலே பொருத்தும் வளையம்தான் ஹேலோ. எஃப்1-இல் அது கட்டாயமான அதே 2018-இல் இந்தக் காரும் அதோடு வந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருடம் மே மாதம் பார்சிலோனாவில் நிரேய் ஃபுகுஸுமியின் கார், தடாசுகே மாகினோவின் காக்பிட் மேலேயே ஏறியது. டயர் தடம் ஹேலோவில் பதிந்திருந்தது. மாகினோ நடந்து வந்தார். 2022-இல் சில்வர்ஸ்டோனில் டென்னிஸ் ஹாகரின் கார் பறந்து வந்து ராய் நிசானியின் ஹேலோ மேல் விழுந்தது. அவரும் பிழைத்தார்.

எல்லா விபத்தும் அப்படி முடியவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று பெல்ஜியத்தின் ஸ்பாவில், ஓ ரூஜ் ஏற்றத்துக்கு மேலே உள்ள ராடியோன் வளைவைத் தாண்டிய இடத்தில் பிரான்ஸின் ஆந்த்வான் ஹ்யூபேர் இறந்தார். வயது 22. தடுப்பில் மோதித் திரும்பிய அவர் காரின் பக்கவாட்டில், முழு வேகத்தில் வந்த ஹுவான் மானுவேல் கொர்ரேயாவின் கார் மோதியது. பக்கவாட்டில் அந்த வேகத்தில் வரும் மோதலை அன்றைய எந்தச் சேசிஸும் தாங்கியிருக்காது. அவருடைய 19-ஆம் எண்ணை எஃப்2 அதன் பிறகு யாருக்கும் தரவில்லை. கால்கள் கடுமையாகச் சிதைந்த கொர்ரேயா பல அறுவைசிகிச்சைகளுக்குப் பிறகு மறுபடி ஓட்டினார். இதே மாடல் காரில் எஃப்2-க்கே திரும்பி வந்தார்.

டிஆர்எஸ் எஃப்1 மாதிரியே வேலை செய்ததா?

ஆம், 2025 வரை எஃப்1-இல் இருந்த மாதிரியேதான். முன்னால் போகிற காருக்கு ஒரு விநாடிக்குள் இருந்தால், குறிப்பிட்ட பகுதியில் பின் விங்கின் மடலைத் திறக்கலாம்.

இதில் பட்டம் வென்றால் எஃப்1 உறுதியா?

இல்லை. சாம்பியன்களை வரிசையாகப் பாருங்கள். 2018 ஜார்ஜ் ரஸ்ஸல், 2019 நிக் டி விரீஸ், 2020 மிக் ஷூமாக்கர், 2021 ஆஸ்கர் பியாஸ்ட்ரி, 2022 ஃபெலிப்பே ட்ருகோவிச், 2023 தியோ போர்ஷேர். ரஸ்ஸல் அடுத்த வருடமே எஃப்1 போனார். பியாஸ்ட்ரி ஒரு வருடம் காத்திருந்தார். டி விரீஸுக்கு 2023 வரை நிரந்தர இடம் கிடைக்கவில்லை, கிடைத்ததும் பாதி சீசனில் போய்விட்டது. ட்ருகோவிச்சும் போர்ஷேரும் ரிசர்வ் ஓட்டுநர் நாற்காலியோடு நின்றார்கள்.

எஃப்2-இல் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் எஃப்1 ஓட்டக் கட்டாயமான சூப்பர் லைசென்ஸுக்குத் தேவையான 40 புள்ளி ஒரே வருடத்தில் கிடைத்துவிடும். லைசென்ஸ் கிடைக்கும், சீட் கிடைக்க வேண்டுமே. அந்த வருடங்களில் மொத்தம் இருபது சீட், அதில் வருடத்துக்கு ஒன்றிரண்டு காலியாகும். இன்னொரு கொடுமையும் உண்டு: சாம்பியன் ஆனவர் அடுத்த சீசன் எஃப்2 ஓட்டக்கூடாது என்பது விதி. ஜெயித்தவர் வீட்டில் உட்கார, நான்காவதாக வந்தவர் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

அதிர்ஷ்டமான வருடம் 2018. முதல் மூன்று இடம் பிடித்த ரஸ்ஸல், லாண்டோ நாரிஸ், அலெக்ஸ் ஆல்பன் மூவரும் 2019-இல் எஃப்1 கிரிட்டில் இருந்தார்கள்.

இந்தியர்கள் யாராவது இந்தக் காரில் ஜெயித்திருக்கிறார்களா?

மும்பையின் ஜெஹான் தாருவாலா. 2020 டிசம்பரில் பஹ்ரைனின் சாகிர் வெளிச்சுற்று டிராக்கில் ஜெயித்து, எஃப்2-இல் வென்ற முதல் இந்தியர் ஆனார். மிக் ஷூமாக்கர் பட்டத்தை உறுதி செய்ததும் அதே பந்தயத்தில்தான், அதனால் கேமராக்கள் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பிறகு 2022-இல் மோன்சாவில் பெரிய பந்தயத்தையே வென்றார். பெங்களூருவின் குஷ் மைனி 2023-இல், இந்தக் காரின் கடைசி வருடத்தில் வந்து சேர்ந்தார். அவருடைய வெற்றிகள் அடுத்த மாடல் காரில் வந்தன.

நம்ம ஊர்க்காரர் என்றால் சென்னையின் கருண் சந்தோக். ஆனால் அவர் காலம் இதற்கு முந்தையது. 2007-இல் ஸ்பாவிலும் 2008-இல் ஹாக்கன்ஹைமிலும் ஜிபி2 ஸ்ப்ரிண்ட் (குறுகிய) பந்தயங்களை வென்றார், அவையும் டலாரா கார்களே. 2010-இல் ஹெச்ஆர்டி டீமில் அவர் ஓட்டிய எஃப்1 காரைச் செய்ததும் டலாராதான். அந்தக் காரைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே டலாராவுக்கு மரியாதை.

ஒரு சீசனுக்கு என்ன செலவாகும்?

ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒரு நல்ல டீமுக்குப் போகும் தொகை இருபது லட்சம் யூரோவுக்கு மேல் என்றுதான் பொதுவாகப் பேசப்படுகிறது. நம் பணத்தில் இருபது கோடி ரூபாய்க்குக் குறையாது. ஆம், ஓட்டுநருக்குச் சம்பளம் இல்லை, ஓட்டுநர்தான் தருகிறார். எஃப்1 அகாடமி, குடும்பம், ஸ்பான்சர் மூன்றில் ஒன்றாவது இல்லாதவர் இந்தக் காக்பிட்டுக்குள் உட்கார்ந்ததே இல்லை. கார் ஒன்று என்பதால் செலவு எஃப்1-ஐவிடக் கட்டுக்குள் இருக்கிறது என்பார்கள். எஃப்1-ஐ அளவுகோலாக வைத்தால் உலகத்தில் எல்லாமே மலிவுதான்.

இந்தக் கார் இப்போது ஓடுகிறதா?

எஃப்2-இல் இல்லை. 2023-இல் 55 சதவீதம் உயிரி மூலங்களிலிருந்து வந்த எரிபொருளோடு கடைசி சீசன் ஓடியது. 2024-இல் டலாராவின் புதிய சேசிஸ் வந்தது. உருவம் 2022-இல் வந்த எஃப்1 காரைப் போல இருக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பத் தேவையான பலத்தைக் குறைத்திருக்கிறார்கள், பல உயரமுள்ளவர்களுக்கும் பொருந்தும்படி காக்பிட்டை மாற்றியிருக்கிறார்கள். எஞ்சின் மட்டும் அதே மெக்காக்ரோம் 3.4 லிட்டர் வி6 டர்போ.